ஐந்தாவது புள்ளி

டோர்கெல் எனக்குக் குழி பறிக்கிறான் என்று அந்த இலையுதிர் காலம் முழுக்க நம்பினேன். சுவீடனின் உப்சாலாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு நிரந்தர வேலை. அதற்குக் காத்திருந்தது நாங்கள் இருவர். கிறிஸ்துமஸுக்குள் பேராசிரியர் ஹால்ஸ்ட்ரோம் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். டோர்கெல் சிரித்தால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குக் கன்றின் டி.என்.ஏ., அவனுக்கு ஈஸ்ட்டின் ஆர்.என்.ஏ. அமிலத்தில் கொதிக்கவைத்துக் காரங்களைப் பிரித்து, காகிதத்தில் ஊறி ஏறவிட்டு, புற ஊதா விளக்கில் பார்ப்போம். எனக்கு நான்கு கரும்புள்ளிகள் வர வேண்டும்: அடினின், குவானின், சைட்டோசின், தைமின். அந்த வியாழக்கிழமை ஐந்து வந்தன. ஐந்தாவது யுராசில். அது ஆர்.என்.ஏ.வில் இருப்பது, அதாவது, அவன் சரக்கு.

காகிதத்தோடு நேரே காபி மேசைக்குப் போனேன்.

"என் குழாய்ல உன் ஈஸ்ட்ட கலந்தது நீதான?"

டோர்கெல் ஏலக்காய் ரொட்டியை வாயிலேயே நிறுத்தினான். "சிக்னே, உனக்கென்ன கிறுக்கா?"

"நல்லவனாட்டம் நடிக்காத!"

பேராசிரியர் கோப்பையைக் கீழே வைத்தார். "நெஜமா இருந்தா டோர்கெல், இன்னைக்கே நீ மூட்டையக் கட்டிக்கலாம்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்வானேன்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார்," என்றான்.

ஒவ்வொரு புள்ளியாக வெட்டி, கரைத்து, எங்கள் கண் முன்னாலேயே அளந்தான்.

"என் ஈஸ்ட் கலந்திருந்தா அடினின், குவானின், சைட்டோசின் எல்லாமே கூடியிருக்கணும். இங்க சைட்டோசின் கொறஞ்சிருக்கு. கொறஞ்ச அளவுக்கு யுராசில் இருக்கு. அமிலத்துல ரொம்ப நேரம் வெந்தா சைட்டோசினே யுராசிலா மாறிடும். எவ்வளவு நேரம் கொதிக்க வச்ச?"

ஒரு மணி நேரம்தான் எங்கள் கணக்கு. அப்படியே சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

"ரெண்டரை மணி," என்றேன். "உன் ரூம் வாசல்ல நின்னு, நீ என்ன பண்றன்னு பாத்துட்டே இருந்தேன். அடுப்புல வச்சதையே மறந்துட்டேன்."

பேராசிரியர் வாய் திறப்பதற்குள் டோர்கெல் முந்திக்கொண்டான். "விடுங்க சார், எனக்கும் ஒருதடவ இப்பிடித்தான் கருகிப்போச்சு." வெட்கத்தில் எனக்கு அழுகை முட்டியது.

வேலை அவனுக்குத்தான் கிடைத்தது. அது நியாயம்தான். ஆனால் அந்த வியாழனுக்கு அடுத்த திங்கட்கிழமை காலையிலேயே பார்த்தேன்: எங்கள் கூடத்தில் அதுவரை எவரும் எதையும் பூட்டியதில்லை, இப்போது அவனுடைய ஈஸ்ட் அலமாரியில் புதுப் பூட்டு தொங்கியது.