இரண்டடி தள்ளிப்போன ஜாதிக்காய் மரம்

பாலிக் புலா ஊரில் ஒரு தோட்டத்துக்கு வேலி போடுவதற்காக அளக்க வந்த நில அளவையாளர் ஆரோக்கியநாதன், நான்கு மாதத்துக்கு முன்பு தானே நட்ட எல்லைக்கல்லையும் அளந்து பார்த்தார். இரண்டடி தள்ளியிருந்தது. மூன்று முறை அளந்தும் அதே இரண்டடி.

கல்லை நட்ட அந்த மே மாதத்துச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. சூரியன் சீறியிருந்த நாள் அது. சூரியன் வீசிய மின்துகள் காற்று பூமியின் காந்தக் கவசத்தை உலுக்கியதில், வானத்து உச்சியில் மின்னேறிக் கிடக்கும் அயனி மண்டலம் கலங்கிப்போனது. செயற்கைக்கோளின் சமிக்ஞை அதைக் கடந்துதான் அளவுக்கருவிக்கு வரவேண்டும். தண்ணீருக்குள் விட்ட கம்பு வளைந்து தெரிவதுபோல, அன்று வந்த அளவுகளும் பிசகின. 'இன்னிக்கு ஜி.பி.எஸ்ஸ நம்பாதீங்க' என்று நில அளவையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே எச்சரிக்கை வந்திருந்தது. திரையில் எண்கள் நிலைகொள்ளாமல் ஆடியதையும் பார்த்தார். வேலை முடிந்ததும் பழைய அரசாங்கக் கல்லின்மேல் கருவியை வைத்துச் சரிபார்ப்பது அவர் வழக்கம். அன்று செய்யவில்லை. தேவாலயத்தில் மாலை ஆறு மணிப் பூசையில் அவர்தான் வாசகம் வாசிக்க வேண்டும். ஆண்டவருக்காக ஓடுகிறோம் என்று மனம் நிறைந்து காரில் ஏறினார்.

அந்த இரண்டடிக்குள் ஒரு ஜாதிக்காய் மரம் நின்றது. தோட்டத்தின் சொந்தக்காரர், காலஞ்சென்ற ஹைதர் நட்டது. கல்லின் கணக்குப்படி அது அடுத்த தோட்டத்துச் சந்திரசேகரனுக்குப் போய்விட்டது.

பேசாமல் கருவியை மடக்கிக்கொண்டு போகலாம். வெளியே சொன்னால் உரிமம்கூடப் பறிபோகலாம். அவர் ஹைதரின் மனைவி சலேஹாவின் வீட்டுக்குப் போனார். வழியில் அந்த மரத்தடியில் பழங்கள் வெடித்து அழுகிக் கிடந்தன.

"வாங்க தம்பி, வெயில்ல கருகிப் போயிட்டீங்களே லா! ஜாதிக்காய்த் தண்ணி குடிங்க. கடையில வாங்கினதுதான். அந்த மரத்துல நாங்க இப்பப் பறிக்கிறதில்ல."

"சந்திரசேகரன் எதும் சொன்னாராக்கா?"

"அவரு தங்கமான மனுசன். 'நீங்களே பறிச்சுக்குங்க'ன்னாரு. நமக்கு ஆகாது தம்பி. இருபத்தெட்டு வருசம் அடுத்தவங்க மரத்துல தின்னிருக்கோம். கபுர்க் குழியில கிடக்கிறவருக்கு அது பாரமில்லையா? நான் போயி, அவரு பேருல மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். ஆனா, எல்லைக்குக் கயிறு புடிச்சுப் பாத்துட்டுத்தான் நட்டேன்னு சொல்வாரு. பொய்யா சொல்லியிருப்பாரு?"

ஆரோக்கியநாதன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவர் சொன்னது உண்மைக்கா. தப்பு என்னுது." எல்லாவற்றையும் சொன்னார்.

"சூரியன் மேல பழியப் போடுறீங்களா?"

"இல்லக்கா. எச்சரிக்கை முன்னாடியே வந்துச்சு. நான்தான் கேக்கல."

சலேஹா மரத்தின் பக்கம் திரும்பினார். "என் வாயாலயே அவர திருடனாக்கிட்டேனே தம்பி."

"மன்னிச்சிடுங்கக்கா" என்றார் ஆரோக்கியநாதன். சலேஹா எழுந்து குடையை எடுத்தார்.

"வாங்க. எங்கிட்டச் சொன்னத சந்திரசேகரன்கிட்டயும் சொல்லுங்க. ஒண்ணும் விடாம."

உச்சிவெயில். ஆரோக்கியநாதன் பின்னால் நடந்தார். பத்தடி போனதும் சலேஹா நின்றார். ஆரோக்கியநாதன் வந்து சேர்ந்ததும், முகத்தைப் பார்க்காமலே குடையில் பாதியை அவர் பக்கம் சாய்த்தார்.

அதன் கீழே தலையை நிமிர்த்த அவரால் முடியவில்லை.