சைலஸ் ஷாரக் செத்த தெரு

என் அண்ணன் வில்ஃப், ரயில் பாலத்துக்கு அடியில் வைத்து டெரிக் பிம்லெட்டின் விலா எலும்புகளை உடைத்தான். டெரிக் செய்த குற்றம், வில்ஃபின் மகள் ஜில்லோடு சினிமாவுக்குப் போனது. விழுந்தவனை எழவிடாமல் வயிற்றிலும் முதுகிலும் உதைத்துவிட்டு, அண்ணன் நேரே வீட்டுக்குப் போய் ஜில்லை அறைந்தான். அவள் உதடு கிழிந்தது. கோட்டைக்கூட எடுக்காமல் ஓடிவந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

டெரிக் ஆஸ்பத்திரியில் போலீஸ்காரரிடம், படியில் தவறி விழுந்ததாகச் சொன்னான். எங்கள் அதர்ஷாவில் அப்படித்தான். ஷாரக்குகள் அடித்தால் பிம்லெட்டுகள் போலீஸுக்குப் போவதில்லை. அவர்கள் அடித்தால் நாங்களும் போவதில்லை. வட இங்கிலாந்தில், விகனைச் சுற்றி எத்தனையோ சுரங்க ஊர்கள் இருக்கின்றன. இரண்டு குடும்பங்களுக்காகத் தனித்தனி பப் வைத்திருக்கிற ஊர் எங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அன்று எங்கள் பப்பில் வில்ஃபுக்கு ஆளாளுக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். அப்பா எஸ்ரா அவன் முதுகில் தட்டி, "சைலஸ் தாத்தாவுக்கு இன்னிக்குத்தான் மனசு ஆறியிருக்கும்" என்றாராம்.

சைலஸ், அப்பாவின் தாத்தா. அவர் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். சுரங்கத்தில் வேலை முடிந்து, சம்பள நாளில் கொஞ்சம் குடித்துவிட்டு, பாடிக்கொண்டே வீடு திரும்பியவரை லூக் பிம்லெட் என்பவன் பின்னாலிருந்து தள்ளி, இரும்பு லாடம் அடித்த மரச்செருப்பால் மண்டையில் மிதித்தே கொன்றான். ஒன்பது வயசு மகன் ஏனோக் அதைக் கண்ணால் பார்த்தார். ஏனோக் பெரியவரானதும், சுரங்கத்துக்குள் கோடரிப்பிடியால் ஒரு பிம்லெட்டின் கண்ணைப் போக்கினார். அவர் மகன், அதாவது என் அப்பா, டான்ஸ் ஹால் வாசலில் கிளிஃப் பிம்லெட்டின் தாடையைச் செங்கல்லால் உடைத்தார். அந்தக் கிளிஃபின் பேரன்தான் இப்போது விலா உடைந்து கிடக்கும் டெரிக்.

எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு பிம்லெட் சிறுமியோடு கயிறு தாண்டி விளையாடினேன் என்று அப்பா ஒரு அறை விட்டார். அதோடு இடது காது போனது. ஸ்பின்னிங் மில்லில் சேர்ந்தபோது, இரைச்சல் பாதிதான் கேட்கும், அதிர்ஷ்டக்காரி என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள்.

ஜில் என் சமையலறையில் உட்கார்ந்து வாயில் ஈரத்துணியை ஒத்திக்கொண்டிருந்தாள்.

"மேவிஸ் அத்தை, அந்த சைலஸ் எப்படிப்பட்ட ஆளு?"

"தெரியாதுடி."

"அவரு பொண்டாட்டி பேரு?"

அதுவும் தெரியாது. செத்து தொண்ணூறு வருஷம் ஆன ஒருவருக்காக என் காது போயிருக்கிறது, இவள் உதடு கிழிந்திருக்கிறது. அவர் பெண்டாட்டி பெயர்கூட எங்களுக்குத் தெரியவில்லை. அது எனக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை தேவாலயக் கல்லறைக்குப் போனேன். சைலஸின் கல் கிடைத்தது. பெயரும் வருஷமும் மட்டும் இருந்தன. பக்கத்து இடம் காலி. பாதிரியாரிடம் கேட்டுத் திருமணப் பதிவைப் பார்த்தேன். பெண்டாட்டி பெயர் கெஸையா. அவள் எங்கே என்று வரிசை வரிசையாகப் புல்லை ஒதுக்கித் தேடினேன். கடைசியில், நான் பிறந்ததிலிருந்து கால் வைக்காத வடக்குச் சுவர் ஓரத்தில், பிம்லெட்டுகளின் கல்லறைகளுக்கு நடுவே அவள் இருந்தாள். "கெஸையா ஷாரக். இந்தக் குடும்பத்தின் தோழி." பக்கத்துக் கல்லில் லூக் பிம்லெட்.

என் கொள்ளுப்பாட்டனைக் கொன்றவனுக்குப் பக்கத்தில் அவர் பெண்டாட்டி. இரண்டு கல்லையும் மறுபடி படித்துப் பார்த்தேன். கள்ளத் தொடர்பாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித்தான் எங்களை வளர்த்திருந்தார்கள்.

கிளிஃப் பிம்லெட் கதவைத் திறந்தபோது கையில் கணப்பு கிளறும் இரும்புக் கம்பி இருந்தது. எழுபது வயசு. தாடை இடப்பக்கம் இழுத்து, பேச்சு ஒரு ஓரமாகத்தான் வரும்.

"எஸ்ரா மவதானே நீ?"

"ஆமா. சண்டைக்கு வரல."

"உங்க ஆளுங்க வேற எதுக்கும் வந்து நான் பாத்ததில்ல."

"கெஸையா ஏன் உங்க ஆளுங்களோட படுத்திருக்காங்க?"

கம்பியைக் கீழே இறக்கினார். உள்ளே வரச்சொல்லவில்லை. வாசற்படியிலேயே நிற்கவைத்துச் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் திரைகள் அசைந்தன.

"கெஸையாவ எனக்குத் தெரியும். நான் சின்னப் பயலா இருந்தப்போ ஓட்ஸ் ரொட்டி சுட்டுத் தருவா. ஒரு கை மடங்காது. உன் சைலஸ் பண்ண வேலை. சம்பளம் வாங்குன அன்னிக்கெல்லாம் அடிதான். அன்னிக்கு மாசமா இருந்தவள, முடியப் புடிச்சுத் தெருவுக்கு இழுத்துப்போட்டு, லாடம் அடிச்ச செருப்பால வயித்துல மிதிச்சிருக்கான். தெருவே கதவச் சாத்திக்கிச்சு. எங்க தாத்தா லூக் மட்டும்தான் வெளிய வந்தாரு."

"பின்னாலேருந்து தள்ளினதா சொல்வாங்க."

"பின்னாலயா? அந்தக் காலத்துச் சண்டை தெரியுமில்ல? தோளப் புடிச்சுக்கிட்டு எதிரும் புதிருமா நின்னு, கால்ல உதைக்கறது. எங்க தாத்தாவுக்கு முழங்காலுக்குக் கீழ சதையே இல்லாம எலும்பு தெரிஞ்சுதாம். சைலஸ் விழுந்தான். கையில ஒரு பாறாங்கல்ல எடுத்துக்கிட்டு எந்திரிச்சான், தாத்தாவ விட்டுட்டு அவ பக்கம் போனான். அப்பத்தான் தாத்தா மண்டையில மிதிச்சாரு. ஒரு மிதியோட நிறுத்தல, அதையும் சொல்லிடறேன். ஜட்ஜு ஏழு வருஷம் போட்டான்."

வயிற்றிலிருந்த குழந்தை அன்றே போய்விட்டது. கெஸையா, உடைந்த கை கூடியதும் சுரங்க வாசலில் கரி பொறுக்கும் வேலைக்குப் போய், தன் பிள்ளைகளோடு லூக்கின் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். லூக் சிறையிலிருந்து நெஞ்சு நோயோடு திரும்பி, அதிக நாள் இருக்கவில்லை.

"அவரக் கூப்பிட்டது யாருன்னு உங்க வீட்டுல சொல்லிருக்க மாட்டாங்களே?" என்றார் கிளிஃப். "உங்க தாத்தா ஏனோக்தான். வெறுங்காலோட ஓடிவந்து எங்க கதவத் தட்டி, மிஸ்டர் பிம்லெட், எங்க அம்மா சாவுறான்னு கத்தியிருக்கான். கோர்ட்லயும் அப்படியே சொன்னான். போய்ப் பேப்பர்ல பாத்துக்க."

நான் நன்றி சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

விகன் நூலகத்தில் அந்த வருஷத்துச் செய்தித்தாள் மைக்ரோஃபிலிம் படச்சுருளில் இருந்தது. அவர் சொன்னதுதான், வார்த்தைக்கு வார்த்தை. கட்டுப்போட்ட கையோடு சாட்சிக்கூண்டில் ஏறிய கெஸையா, "இந்த மனுஷனுக்குத் தண்டனை கொடுத்தால் தெருவில் மற்ற அத்தனை பேருக்கும் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறாள். ஒன்பது வயசு ஏனோக், அப்பா சாகும்வரை லூக் அடிப்பான் என்று தெரிந்திருந்தால் கூப்பிட்டிருக்கமாட்டேன் என்று அழுதிருக்கிறான். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. ஒரு பிம்லெட்டின் கண்ணைப் போக்கிய ஆள் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா வீட்டில் சாப்பாடு. ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும். அப்பா, வில்ஃப், நான் மூன்று பேர்தான். அண்ணி கோபித்துக்கொண்டு வரவில்லை. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தேன். வில்ஃப் விடவில்லை.

"அந்தக் கழுதைய இன்னும் எத்தனை நாள் வீட்டுல வெச்சுக்கப்போற?"

"அவ டெரிக்கைக் கட்டிக்கப்போறா."

"அதுக்குள்ள அவன் கால ஒடிக்கறேன்."

அப்புறம் சொல்லிவிட்டேன். கல்லறை, கெஸையா, கோர்ட், எல்லாவற்றையும். வில்ஃப் கத்தியும் முள்ளும் கையில் பிடித்தபடி கேட்டான். அப்பா தட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"யாரு, அந்தக் கோணவாயன் சொன்னானா?" என்றார்.

"தாத்தாவே கோர்ட்ல சொன்னது. அவருதான் லூக்கைக் கூட்டிட்டு வந்திருக்காரு, அம்மாவைக் காப்பாத்த."

வில்ஃப் மேசையைத் தாண்டி வந்து என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். குழம்புக் கிண்ணம் உடைந்தது. மூச்சு நின்றுவிட்டது. அவன் முகம் என் முகத்துக்கு அருகில் இருந்தது, கோபத்தைவிட பயம்தான் அதில் அதிகம் தெரிந்தது.

"விடுடா அவள" என்றார் அப்பா. "அவ சொல்றது நெசம்."

வில்ஃபின் பிடி தளர்ந்தது. நான் தரையில் சரிந்தேன்.

"எங்கப்பா தூக்கத்துல செவுத்தத் தட்டுவாரு" என்றார் அப்பா. "மிஸ்டர் பிம்லெட், மிஸ்டர் பிம்லெட்னு. சின்னப் பய குரல்ல. ஏம்ப்பா அப்படிக் கூப்பிடறீங்கன்னு ஒரு தடவை கேட்டேன். பெல்ட் பக்கிளால வாங்கினேன். அப்புறம் கேக்கல."

"அப்போ உனக்குத் தெரியும்" என்றான் வில்ஃப்.

"பாதி."

"தெரிஞ்சுக்கிட்டே அந்த ஆளு தாடைய உடைச்ச."

"எங்கப்பா பாத்துக்கிட்டு நின்னாருடா. நான் என்ன பண்ண?"

"தெரிஞ்சுக்கிட்டே என்னையும் தட்டிக் குடுத்த."

அப்பா தோளைக் குலுக்கினார். அந்தக் குலுக்கல்தான் அவனைக் கிளப்பியது என்று நினைக்கிறேன். காலரைப் பிடித்துத் தூக்கி வாயில் குத்தினான். பல்செட் பாதியாக உடைந்து தட்டில் விழுந்தது. மறுபடி குத்தினான். எழுபத்திரண்டு வயசுக் கிழவர், கையைக்கூடத் தூக்கவில்லை. மூன்றாவது குத்துக்கு அவன் கையை ஓங்கியபோது நான் கணப்போரம் கிடந்த கரி அள்ளும் தகட்டை எடுத்து அவன் மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் நல்ல காதில் தெளிவாகக் கேட்டது.

வில்ஃப் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டான். நாற்பத்தாறு வயசு ஆள், குழந்தைபோல அழுதான். அப்பா மூக்கிலும் வாயிலும் ரத்தம் ஒழுக என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு பெருமையை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நிறுத்தாத" என்றார். "இன்னொண்ணு போடு அவனுக்கு."

போட்டிருப்பேன். கை பாதி ஏறிவிட்டது. அப்பாவின் குரலுக்கு என் கை ஏறுகிறது என்று தெரிந்ததும் உடம்பு கூசியது. தகட்டைக் கொல்லையில் வீசிவிட்டு, வில்ஃபை எழுப்பிப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே கேட்டதற்கு, படியில் விழுந்தேன் என்றான்.

ஜில்லும் டெரிக்கும் வசந்தத்தில் விகன் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கிளிஃப் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் பக்கம் நானும் அண்ணியும் மட்டும். அப்பா அதற்கு அடுத்த வருஷம் இறந்தார். கடைசிவரை என்னை வாசற்படி ஏறவிடவில்லை. பப்பில் மட்டும், மகன் கையை உடைத்த மகள் என்று என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பாராம்.

வில்ஃபின் மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. சுரங்கத்துக்குள் இறங்காமல் மேலே, சுரங்க விளக்குகளைக் கொடுத்து வாங்கும் விளக்கறையில் வேலை கொடுத்தார்கள். அவன் யாரையும் அடித்ததாக அப்புறம் கேள்விப்படவில்லை. முடியாததாலா, வேண்டாம் என்றா, எனக்குத் தெரியாது. போன மாதம் சந்தையில் ஜில்லின் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நான் தள்ளிப்போகும்போது எதிரே வந்தான். நின்றான்.

"என்ன பேரு?"

"கெஸையா."

"கிழவி பேரு" என்றான். குனிந்து பார்த்துவிட்டு, நல்ல கையால் போர்வையை இழுத்துக் குழந்தையின் காலை மூடினான். பிறகு பஸ் வந்தது, போய்விட்டான்.

பையன்கள் மட்டும் மாறவில்லை. இந்தச் சனிக்கிழமைகூட ரக்பி மைதானத்துக்கு வெளியே இரண்டு குடும்பத்து இளவட்டங்களும் பாட்டில்களை உடைத்துக்கொண்டு மோதினார்கள். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனுக்குக் கன்னத்தில் தையல். எதற்கு என்று கேட்டேன். சைலஸ் தாத்தாவுக்காக என்றான்.