அரை மணிக்குள் பத்து நகம்

மேலாளரம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். மணி பன்னிரண்டு பத்து.

"பன்னெண்டு நாற்பதுக்கு இவ எழுந்திருக்கணும். எங்க பொண்ணுங்களுக்குச் சாப்பாட்டு நேரமே அரை மணிதான். ஆரம்பிங்க."

சின்னவள் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கையை இழுத்து வைத்துக்கொண்டாள். "அரை மணி எதுக்கு மேடம், இருபத்தஞ்சே போதும்" என்று சிரித்தாள். பக்கத்து மேசையிலிருந்து பெரியவள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா என்று அதற்கு அர்த்தம்.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். ஆறு வருடத்துக்கு முன்பு இருவரும் சேர்ந்து இந்த நெயில் சலூனைத் திறந்தார்கள். இரண்டு மேசை, பூச்சை இறுக வைக்க இரண்டு லேம்ப், ஒரு சுவர் நிறைய வண்ணப் புட்டிகள், அவ்வளவுதான் கடை. பெரியவளிடம் கையை நீட்டினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. யாருக்கு எந்த விரல் நகம் சீக்கிரம் உடையும், யார் வீட்டில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சின்னவளுக்குக் கையில் வேகம். பெரியவள் ஒருத்தியை முடிப்பதற்குள் இவள் இரண்டு பேரை வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்துவிடுவாள்.

எட்டு மாதம் முன்பு எதிர்ச்சாரியில் ஆறு மேசையோடு ஒரு கடை முளைத்தது. இருபது நிமிடம், முக்கால் விலை. பேச்சு கிடையாது, கையை நீட்டு, காசைக் கொடு, கிளம்பு. இங்கே வந்துகொண்டிருந்த கூட்டம் ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்து போய்விட்டது. கடை தொடருமா, சாவியைத் தருகிறீர்களா என்று கட்டடக்காரர் கேட்டுவிட்டார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில்தான் முனையில் இருக்கும் பெரிய ஹோட்டலில் இருந்து இந்த அம்மா வந்தார். வரவேற்பறையில் இருபத்தாறு பெண்கள். எல்லோருக்கும் ஒரே அடர் சிவப்பு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. நேற்று எதிர்க்கடையில் ஒருத்தியை உட்கார வைத்துப் பார்த்தாயிற்று. இன்று இங்கே இன்னொருத்தி. இது கிடைத்தால் கடை இருக்கும். கிடைக்காவிட்டால் சனிக்கிழமை சாவி போகும்.

சின்னவள் பஞ்சை ரிமூவரில் நனைத்து அந்தப் பெண்ணின் கட்டைவிரலில் தேய்த்தாள். பழைய நிறம் அசையவில்லை. மறுபடி அழுத்தித் தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"ஏம்மா, இது சாதாரணப் பாலிஷ் இல்லையா? ஜெல்லா?"

"எங்க தங்கச்சி வீட்டுலயே போட்டுவிட்டா, அக்கா" என்றாள் அந்தப் பெண் மெல்ல. "சொல்லணும்னு தெரியாது."

ஜெல் என்றால் லேம்பில் இறுகிய பூச்சு, ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும். பத்து விரலிலும் நனைத்த பஞ்சை வைத்து, அலுமினியத் தாளைச் சுற்றி, பத்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். சின்னவள் மேலாளரம்மாவைப் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பார்க்கறீங்க? நாளைக்கு வர்றவங்க எதைப் பூசிக்கிட்டு வருவாங்கன்னு எனக்கு மட்டும் தெரியுமா? நேரம் ஓடுது."

பத்து விரலும் வெள்ளித் தொப்பி போட்டுக்கொண்டன. வேகமான கைக்கு வேலையே இல்லாத அந்தப் பத்து நிமிடம் போல் கொடுமை வேறில்லை. சின்னவள் அரத்தை எடுத்து வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"எதிர்க்கடையில முக்கால் விலைக்குச் செய்யறாங்க" என்று ஆரம்பித்தார் மேலாளரம்மா.

"நாங்களும்..." என்று சின்னவள் வாயெடுப்பதற்குள் பெரியவள் குறுக்கே வந்தாள்.

"அதை வேலை முடிஞ்சதும் பேசிக்கலாம், மேடம்."

பெரியவளுக்கு எதிரே டீச்சர் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். எதிர்க்கடை வந்த பிறகும் சாலையைக் கடக்காத நாலைந்து பேரில் ஒருவர். "பரீட்சை ஹால் மாதிரி இருக்கேம்மா இன்னிக்கு" என்றார் மெதுவாக. "நான் பிட்டு எதுவும் தர மாட்டேன், சொல்லிட்டேன்." பெரியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய இடது கையில் கடைசிப் பூச்சை முடித்தாள்.

பன்னிரண்டு இருபத்தாறுக்குத்தான் தாளைப் பிரித்துச் சுரண்ட முடிந்தது. உள்ளே நகங்கள் காகிதம் போல் மெலிந்திருந்தன. தங்கை முன்பும் பலமுறை பிய்த்து எடுத்திருக்கிறாள். சின்னவள் மூச்சுவிடாமல் வெட்டினாள், அரத்தால் வடிவம் கொடுத்தாள், ஓரத்துத் தோலைத் தள்ளினாள், துடைத்தாள், அடிப்பூச்சு கொடுத்து லேம்புக்குள் கையை வைத்தாள். நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்துமூன்று.

இன்னும் ஏழு நிமிடம். அடர் சிவப்பு என்றால் மெல்லிசாக இரண்டு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நிமிடம் லேம்ப். அதன்மேல் பளபளப்புப் பூச்சு, அதற்கும் லேம்ப். இரண்டு கைக்கும் இதெல்லாம் எப்படிப் போட்டாலும் ஏழில் அடங்காது. ஒரே பூச்சாகத் தடிமனாக அப்பிவிட்டால் அடங்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மேலே கெட்டியாகி மினுமினுக்கும். உள்ளே வேகாமல் ஈரமாகவே இருக்கும். நாலு நாளில் தோல் உரிகிற மாதிரி உரியும். ஆனால் அது நாலு நாள் கழித்து.

சின்னவள் தூரிகையை நிறைய முக்கினாள். இடது கையின் ஐந்து விரலிலும் குழைத்து இழுத்துவிட்டு லேம்புக்குள் தள்ளினாள்.

ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. அந்தப் பெண்ணின் தோள் துள்ளியது.

"சுடுதா?"

"இல்லக்கா." சொல்லிவிட்டு அவள் மேலாளரம்மா பக்கம் கண்ணை ஓட்டினாள். கையை வெளியே எடுக்கவில்லை. ஆனால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் தளும்பி நின்றது.

தடித்த பூச்சு லேம்பில் சூடேறும். மெலிந்த நகத்தில் அந்தச் சூடு ஊசியால் குத்துகிற மாதிரி இறங்கும். சின்னவளுக்கு அது நன்றாகத் தெரியும். கடை திறந்த புதிதில் பெரியவள் அவள் கையிலேயே போட்டுக் காட்டியிருக்கிறாள். அன்று கத்திக்கொண்டு கையை உருவியவள் இவள். இந்தப் பெண் கத்தாமல் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்குப் பயந்து.

நமக்கும் அதே பயம்தானே என்று தோன்றியது. அடுத்த கணம் சின்னவள் லேம்பை அணைத்து, கையை வெளியே இழுத்தாள். நகங்களின் மேல் சிவப்பு சுருக்கம் விழுந்து கிடந்தது. மரக்குச்சியால் வழித்தாள். மேலே ஆடை போல் வந்தது. அடியில் கொழகொழவென்று ஒட்டியது.

"என்ன பண்றீங்க? அஞ்சு நிமிஷம்தான் இருக்கு!" மேலாளரம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"தெரியும், மேடம்."

"அப்புறம் எதுக்கு அழிக்கறீங்க?"

கலர் சரியாக வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை அதுதான் வந்தது. "ரெண்டு பூச்சு போட வேண்டியதை ஒரே பூச்சா அப்பிட்டேன், மேடம். நேரத்துக்குப் பயந்து. அதான் சுட்டிருக்கு. அப்படியே விட்டா நாலு நாள்ல உரிஞ்சு வரும்."

சின்னவள் மிச்சச் சிவப்பையும் வழித்துத் துடைத்தாள்.

"அந்த நாற்காலியை இப்படித் திருப்புடி" என்றாள் பெரியவள். அவள் ஏற்கெனவே எழுந்திருந்தாள். "டீச்சர், ஒரு அஞ்சு நிமிஷம்."

"என் ஒரு கை அப்படியே இருக்கே!"

"பத்திரமா வச்சுக்குங்க டீச்சர், வந்துடறேன்."

பெரியவளின் லேம்ப் வயர் இந்த மேசை வரை எட்டாது. எனவே அந்தப் பெண்ணை நாற்காலியோடு இழுத்து இரண்டு மேசைக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். இடது கை சின்னவளிடம், வலது கை பெரியவளிடம். பறக்கப் போகிறவள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவள் நடுவில் இருந்தாள். ஆறு வருடத்தில் ஒரே ஆளின் மேல் இருவரும் சேர்ந்து கைவைத்ததே இல்லை. உன் ஆள், என் ஆள் என்றுதான் பழக்கம்.

மெல்லிசாக முதல் பூச்சு. லேம்ப். இரண்டாவது பூச்சு. லேம்ப். சின்னவள் கை பறந்தது. ஓரக்கண்ணால் பார்த்தால் பெரியவள் இன்னும் மோதிர விரலில் இருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வேகமா."

"பண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நகத்துக்குத்தான்க்கா பூசறோம், சுவத்துக்கு இல்ல."

"நீ பூசின லட்சணத்தைத்தான் இப்ப பார்த்தோமே, வாயை மூடு."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை ஆடியது. "ஆடாதே!" என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே குரலில் அதட்டல் வந்தது.

பன்னிரண்டு நாற்பது. மேலாளரம்மா கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். சின்னவள் அதைப் பார்த்தாள், பார்த்தும் நிறுத்தவில்லை. நாற்பத்தொன்றுக்கு இடது கை முடிந்தது. நாற்பத்துநான்குக்கு வலது கை லேம்பிலிருந்து வெளியே வந்தது.

"நாலு நிமிஷம் அதிகம்" என்றார் மேலாளரம்மா.

அவர் குனிந்து ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைக் கேட்டார்: "உண்மையாவே சுட்டுச்சா?"

"சுட்டுச்சு, மேடம்."

"ஏன் சொல்லல?"

அவள் தரையைப் பார்த்தாள். "நேத்து எதிர்க்கடையில உட்கார்ந்தவளையும் ஏதாவது வலிச்சுதான்னு கேட்டேன். அவளும் இல்லைன்னுதான் சொன்னா" என்றார் மேலாளரம்மா, யாரிடம் என்றில்லாமல். அப்புறம் நிமிர்ந்தார். "சரி. பழைய பூச்சை ஹோட்டல்லயே ஊற வச்சு எடுத்துட்டு வந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு நேரத்துல முடிப்பீங்க?"

"இருபது நிமிஷம்" என்றாள் சின்னவள். பெரியவளைப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சுன்னு வச்சுக்குங்க, மேடம்" என்று திருத்தினாள்.

"அப்ப தினம் பன்னெண்டு பத்துக்கு நாலு பேரை ஒண்ணா அனுப்பறேன்."

காலையில் கேட்டிருந்தால் சின்னவள் ஆறு பேரை அனுப்புங்கள் என்று சொல்லியிருப்பாள்.

"ஒண்ணா வேண்டாம், மேடம். ஒருத்தர் எழுந்தப்புறம்தான் அடுத்தவங்க உட்கார முடியும். பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும், அரை மணிக்கு ஒருத்தர். அப்படியும் ஒரு நாளைக்கு நாலு பேர் ஆயிடும்."

"அப்படின்னா முழு ஆர்டரும் உங்களுக்குத் தர முடியாதே. சாப்பாட்டு நேரத்தை அப்படி ஒவ்வொருத்தியா மாத்திப் போட எல்லாருக்கும் முடியாது."

"தெரியும்."

"பாதிப் பேர்னா?"

"வரட்டும்."

"விலை?"

இப்போது பெரியவள் பேசினாள். "பத்துல ஒண்ணு குறைச்சுக்கறோம். அதுக்குக் கீழ முடியாது, மேடம். ஒரு ஆளுக்கு ரெண்டு பேர் உட்காரணும்."

மேலாளரம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார். "பதிமூணு பேர். ஒரு மாசம் பார்க்கலாம். யாருக்காவது சுட்டுச்சுன்னு காதுல விழுந்தா, மறுநாள் ஒருத்தியும் வர மாட்டா. நீ வா, போற வழியில எதையாவது வாங்கிச் சாப்பிடு" என்று அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் பெரியவள் சின்னவள் பக்கம் திரும்பினாள். "பதிமூணு பேரு போதுமாடி?"

"கட்டடக்காரர்கிட்ட சாவியை இப்போ தரலைன்னு சொல்லிடலாம்க்கா. ஒரு மாசத்துக்கு." சின்னவள் மேசையைத் துடைத்தாள். "இனி மத்தியானத்துல ரெண்டு மணி நேரம் உங்க பக்கத்துல உட்காரணுமே. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

"அம்மா, ஒரு மணிக்கு எனக்கு வகுப்பு" என்றது டீச்சரின் குரல். வண்ணம் பூசிய கையை மடியில் வைத்துக்கொண்டு, பூசாத கையை அவர் காற்றில் ஆட்டிக்காட்டினார். "ஒத்தைக் கையோட போனா பசங்க பின்னம்னு பட்டப்பேரு வச்சுடுவானுங்க."

பெரியவள் பதறிப் போய்த் தன் நாற்காலியை இழுத்தாள். சின்னவள் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க போட்டா வகுப்பே முடிஞ்சிடும்க்கா. கையைக் கொடுங்க டீச்சர், நான் போடறேன்."

டீச்சர் கையை நீட்டவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உள்ள ஈரமா விட்டுட மாட்டியே?"

சின்னவளின் முகம் சிவந்தது. தூரிகையைப் புட்டியின் விளிம்பில் நன்றாக வழித்து, மெல்லிசாக முதல் நகத்தில் இழுத்துக் காட்டினாள். டீச்சர் குனிந்து பார்த்தார். பிறகு மற்ற விரல்களையும் மேசை மேல் விரித்து வைத்தார்.