சுந்தரவல்லி சுற்றிய காயில்

1974 ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை, தியாகராய நகரில் நடந்த மெல்லிசைக் குழுவின் ஒத்திகையில், கங்காதரன் தன் கிடாரில் புதிதாக வைத்திருந்த சுவிட்சைக் கீழே தட்டினான். அதே நொடியில் மயிலாப்பூரில் சுந்தரவல்லியின் குரல் நின்றுபோனது. அவள் அப்போது வாசலில் நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டா" என்பது வரை தெருவுக்கே கேட்டது. அதற்கப்புறம் வாய் அசைந்தது, கை ஆடியது, சத்தம் மட்டும் இல்லை. மீன்கூடைக்காரி தேசம்மா, அந்தக் கங்காதரனைப் பெற்றவள்தான், தன் காதைக் குடைந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வாய் பாட்டுக்குப் போய்க்கினு கீது, சத்தத்தக் காணோமே?" என்றாள். அன்றைக்கு நெத்திலி மலிவு. வந்தவர்களெல்லாம் சுந்தரவல்லியின் தொண்டைக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டு, நெத்திலியும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சுந்தரவல்லியின் வீட்டுக்காரர் அய்யாதுரை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், வீட்டு முன்னறையிலேயே ரேடியோ ரிப்பேர் செய்துவந்தார். அதே அறையின் இன்னொரு மூலையில் அவள் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். அடேயப்பா, என்ன பேச்சு பேசுவாள்! அவள் சத்தம் அடங்கினால் மணி இரண்டு, சாப்பிட்டுவிட்டுத் தலை சாய்த்துவிட்டாள் என்று தெரு கணக்கு வைத்திருந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கும் குறைச்சல் இல்லை. மின்விசிறிக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, அவருடைய அம்மாவுக்குத் தனியாக ஒன்று என்று தினமும் நடக்கும். இப்படி இருக்கும்போதுதான், அவள் குரல் போவதற்கு மூன்று வருஷம் முன்பு, கங்காதரன் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கிய கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கம்பியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் அதில் செத்துக் கிடந்தது. உள்ளே காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருள்கள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காயில்கள், இரண்டுமே அறுந்து போயிருந்தன. அய்யாதுரை தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியைத் தையல் மிஷின் சக்கரத்தில் மாட்டி ஒன்றைச் சுற்றினார். கம்பி அறுந்துகொண்டே இருந்ததால் சுற்றி முடிக்கும்வரை முனகித் தீர்த்தார். அவர் கை மரத்துப்போகவே, மற்றதைச் சுந்தரவல்லி எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். அவள் வாய் வழக்கம்போல ஓயவில்லை. அவர் தன் காயிலுக்கு மேல் வெள்ளை டேப்பை ஒட்டினார். அவள் தன்னுடையதில் ஜாக்கெட் வெட்டிய பச்சைத் துணியில் ஒரு கீற்று எடுத்துக் கட்டினாள்.

அந்தக் காலத்துக் கிடார்கள் டியூப்லைட்டைக் கண்டால் 'ம்ம்' என்று இரையும். இந்தக் கிடார் இரையவில்லை. எதிரெதிரான காந்தங்களின் மேல் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்களில் ஒன்றின் இரைச்சலை மற்றது கொன்றுவிடும், பாட்டு மட்டும் இரண்டிலும் சேர்ந்து இரட்டிப்பாக வரும். இது எங்கும் உள்ள விஷயம். அதே நாளிலிருந்து அய்யாதுரை வீட்டிலும் அப்படியே ஆனது என்பதுதான் எங்கள் சந்துக்கு மட்டும் வாய்த்தது. அவர் சிடுசிடுப்பும் அவள் சிடுசிடுப்பும் நடுக்கூடத்தில் மோதிக் காணாமல் போகும், யார் காதுக்கும் போய்ச் சேராது. அன்பாகச் சொன்னது மட்டும் நிறைந்து கேட்கும். "சாப்பிட வாங்க" என்று அவள் கூப்பிட்டால் எதிர்வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். மூன்று வருஷம் அந்த வீட்டைப் பார்த்து எங்களுக்கெல்லாம் பொறாமை.

அப்புறம் காலம் மாறியது. குழுவை நடத்தியவருக்குத் தடித்த சத்தம் அலுத்துவிட்டது. வேகமான பாட்டுக்கு ஊசி மாதிரி கிடார் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். கங்காதரன் வந்து நின்றான். "அண்ணே, சத்தம் குண்டா கீதாம். மெலிசாக்கிக் குடுண்ணே, இல்லாங்காட்டி என்னைக் கழட்டிவுட்ருவாரு." சுவிட்ச் ஒன்று வைத்து, கீழே தட்டினால் ஒரு காயில் எர்த்துக்குப் போய் ஊமையாகிவிடும், மற்றது மட்டும் மெலிந்து பாடும் என்றார் அய்யாதுரை. கொக்கி தைத்துக்கொண்டிருந்த சுந்தரவல்லி நிமிர்ந்து, "ரெண்டுல எதை நிப்பாட்டுவீக?" என்று கேட்டாள். "ஏதோ ஒண்ணு. எதுன்னா என்ன?" என்றபடி அவர் பச்சைத் துணி கட்டிய காயிலில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை வைத்தார். தன்னுடையதை நிறுத்தலாம் என்ற எண்ணமே அந்த மனிதருக்கு வரவில்லை.

அவள் குரல் போன நாளிலிருந்து அய்யாதுரையின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் 'ம்ம்' என்ற இரைச்சல் ஒட்டிக்கொண்டது. டாக்டர் இருவருக்கும் கஷாய நிறத்தில் ஒரே மருந்தைக் கொடுத்தார். காரணத்தைக் கண்டுபிடித்தவள் தேசம்மாதான். மகன் மண்டபங்களில் மெதுவான பாட்டு வாசிக்கச் சுவிட்சை மேலே தள்ளும்போதெல்லாம் சுந்தரவல்லிக்குப் பேச்சு வந்தது, பாட்டு முடிந்ததும் போனது. அய்யாதுரை மனைவியிடம், "எந்தக் காயில் எதுன்னு பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்று பொய் சொன்னார். கங்காதரன் பதறிப்போய், "நாளைக்கே கிடாரை எடுத்தாறேன், சுச்சைப் புடுங்கிப் போட்ருண்ணே" என்றான். "சீசன் முடியட்டும்ப்பா, உன் பொழப்பையும் பாக்கணும்ல" என்றார் அய்யாதுரை. பையன் பிழைப்பின் மேல் அக்கறைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாரங்களில் அவர் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை, குறுக்கே ஒரு வார்த்தை இல்லாமல், காலை நீட்டிக்கொண்டு கேட்டதைச் சந்தே பார்த்தது. அந்த அமைதி அவருக்குப் பிடித்திருந்தது. சொல்லவே சங்கடமாக இருக்கிறது, என்ன செய்ய. சீசன் முடியும் முன்பே ஒரு பயணிக் கப்பலில் வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். கங்காதரன் கிடாரோடு ஏறிப்போய்விட்டான். கப்பலில் எந்நேரமும் ஆட்டம்தான், சுவிட்ச் கீழேயே கிடந்தது.

அமைதி ஒரு மழைக்காலத்துக்குள் கசந்துவிட்டது. அய்யாதுரை ரேடியோவை மூடிவைத்துவிட்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்துக்குப் போய்ப் போய்ச் சொல்லியனுப்பினார். கப்பல் வேறு பெயரில் வேறு கடலில் ஓடுவதாகச் சொன்னார்கள். நாலு வருஷம் ஓடியது. ஒருநாள் வேலை இல்லாமல், பழைய காயில்கள் இரண்டை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்காமல், இரண்டின் தலையையும் ஒன்றாக, வாலையும் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே ஒரு கிடார்க் கம்பியை இழுத்துக் கட்டித் தட்டிப் பார்த்தார். ஊசி மாதிரி சத்தம். இரைச்சல் துளியும் இல்லை. இரண்டு காயிலும் பாடின. ஒன்றையும் ஊமையாக்காமலே கங்காதரன் கேட்டதைக் கொடுத்திருக்கலாம், அதற்கு ஒரு மத்தியானத்து யோசனை போதுமாக இருந்திருக்கிறது. அவர் வாய்விட்டு அழுதார். அந்த அழுகைக்குப் பின்னாலும் 'ம்ம்' இரைந்தது. என்னவென்று கையால் கேட்ட மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், பச்சைத் துணியை மட்டும் விட்டுவிட்டார். அவள் கேட்டுவிட்டுப் போய் அடுப்பைப் பார்த்தாள்.

அடுத்த மாசியில் எந்தக் கடலிலோ யாரோ மெதுவான பாட்டு கேட்டிருக்க வேண்டும். காலை வெயிலில், தேசம்மா வாசலில் கூடையை இறக்கும்போது சுந்தரவல்லிக்குக் குரல் வந்துவிட்டது. அய்யாதுரை பாய்ந்து வந்து எதிரே நின்றார். அவள் அவரைப் பார்த்து, "பச்சைத் துணி யாருதுன்னு தெரிஞ்சுதானே நிப்பாட்டுனீக?" என்று கேட்டாள். "ஆமா" என்றார். அந்த ஒரு சொல்லில் இரைச்சல் இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு, பாட்டு இன்னும் மிச்சம் இருந்ததால் வாசல் பக்கம் திரும்பி, "இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாத்தான் எடுப்பேன்" என்று முடித்தாள். தேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கை என்ன, இரண்டு கை அள்ளிப் போட்டு, "அன்னிக்கிப் பேசுன வெலயே குடும்மா" என்றாள்.

கங்காதரனும் கிடாரும் இன்னும் திரும்பவில்லை, இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. குரல் வந்தால் சுந்தரவல்லி முதலில் வாசலுக்கு வருகிறாள். மீன்காரிக்கும், எதிர்வீட்டுக்கும், ஜாக்கெட் கொடுத்தவர்களுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறாள். அய்யாதுரை மின்விசிறியை நிறுத்திவிட்டு உள்ளே காத்திருக்கிறார். பாட்டு நீளமாக இருந்துவிட்டால் அவருக்கும் கொஞ்சம் மிஞ்சும்.