ஓர்சோலினாவின் சொனாட்டா
கொள்ளைநோய் ஓய்ந்து இத்தாலியின் பெர்கமோ நகரில் மறுபடி விருந்துகள் தொடங்கியிருந்த காலம். வயலின்காரன் செலஸ்தீனோவின் வயிறு வாடாமல் பார்த்துக்கொண்டவள் கம்பளி வியாபாரி பர்த்தொலொமேயோவின் மனைவி ஓர்சோலினா. பதிலுக்கு அவன் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அது கடகடவென்று ஓடும், சட்டென்று நிற்கும். ஒரு பெருமூச்சு. "எங்க விட்டேன்?" என்பாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

தன் சொனாட்டாக்களை, வயலினுக்கு எழுதிய இசைக்கோவைகளை, அச்சுக்கு அனுப்புமுன் செலஸ்தீனோ ஒன்றுக்கு அவள் பெயரை வைத்தான். சோறு போடுகிறவர் பெயரை வைப்பது எல்லோரும் செய்வதுதான். இவனோ பெயரோடு நிற்காமல் அவள் பேச்சையும் உள்ளே வைத்துவிட்டான். வேகமாக ஓர் ஓட்டம், திடீர் மௌனம், ஒற்றைக் கம்பியில் இழுபடும் பெருமூச்சு, திரும்ப அதே ஓட்டம். உடன் பியானோ போன்ற ஹார்ப்சிகார்ட் வாசிக்கும் பாதிரியார் எவரிஸ்தோவுக்கு மட்டும் விஷயம் தெரியும். சோற்றில் மண் விழப்போகிறது என்று அவர் எச்சரித்தார். தன் பேச்சைத் தானே கேட்டிருந்தால்தானே அவளுக்குப் புரியும் என்று இவன் சிரித்தான்.

ஓர்சோலினா வீட்டு விருந்தில் அந்தச் சொனாட்டாவை வாசித்தபோது, முதல் மௌனம் வந்ததும் வாசிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்த ஓர்சோலினா பக்கத்திலிருந்தவளிடம் நாத்தனாரைப் பற்றி ஆரம்பித்தாள். வயலின் பெருமூச்சு விட்டது. அவள் நிறுத்திக்கொண்டாள். ஓட்டம் ஓடி அடுத்த மௌனம் வந்ததும், "எங்க விட்டேன்?" என்றாள். வயலின் மறுபடி பெருமூச்சு விட்டு முதலிலிருந்து தொடங்கியது. பர்த்தொலொமேயோவுக்குச் சிரிப்பு மூக்கு வழியாகப் பீறிட்டது. மற்றவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் செலஸ்தீனோவைப் பார்த்தாள். அவன் அவசரமாக முடிக்கப் பார்த்தான்.

"நில்லுங்க. இது நான்தானே?"

"உங்க பேரு வச்சிருக்கேன், அம்மணி."

"பேரு என்ன பேரு, நானேதான். ஆனா ஒரு தப்பு இருக்கே. நான் என்னைக்கு இவ்வளவு சீக்கிரம் முடிச்சிருக்கேன்? வாசிங்க. போதும்னு நான் சொல்றேன்."

சாப்பாடு வந்தது. வெண்ணெயில் புரட்டிய கசொன்செல்லி, உள்ளே இறைச்சி வைத்தது, ஆவி பறக்க மேசைக்குப் போனது. எழுதியது தீர்ந்துபோய், செலஸ்தீனோ தோன்றியதையெல்லாம் வாசித்தான். முடிவை நோக்கி நகரும்போதெல்லாம் அவள் கூடாதென்று முள்கரண்டியை ஆட்டினாள். எவரிஸ்தோ நாலே சுரங்களை இடது கையால் சுற்றிச் சுற்றி வாசித்தபடி வலது கையால் சாப்பிட்டார். இவன் முறைத்தான்.

"எனக்கு ஒரு கை போதும்ப்பா," என்றார் பாதிரியார், வாய் நிறைய.

பசியும் கோபமும் வில்லில் இறங்கின. வயலின் கெஞ்சியது, திட்டியது, அவன் அதுவரை தொட்டிராத உயரத்துக்கு ஏறி அங்கேயே நின்று நடுங்கியது. கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. எவரிஸ்தோகூட மென்றுகொண்டிருந்ததை அப்படியே விழுங்கினார். ஓர்சோலினா போதும் என்று சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவனாகவே முடித்தான்.

அவள் எழுந்து போய், சூடாக ஒரு தட்டு கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பர்த்தொலொமேயோ பயந்துபோய் அவளுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

அன்று வாசித்ததை எழுதிவைக்க செலஸ்தீனோ எவ்வளவோ முயன்றான், ஒன்றும் திரும்ப வரவில்லை. பழைய குட்டை முடிவோடுதான் புத்தகம் வெளிவந்தது. ஓர்சோலினா வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பிரித்துக் காட்டி, அச்சுக்காரன் தன்னைப் பாதியில் வெட்டிவிட்டான் என்று சாயங்காலம்வரை குறைபட்டுக்கொண்டாள்.