மைக்கைத் தொட அனுமதி

செக்யூரிட்டி சூப்பர்வைசருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதோடு மூன்றாவது ஒத்திகை. துப்பாக்கிக்காரனாக நடித்த பயிற்சியாளர் பிளாஸ்டிக் துப்பாக்கியோடு ஆபீஸ் வாசலில் நுழைந்து, மூன்று மாடியும் ஏறி, திறந்திருந்த அறைகளில் இருந்தவர்களுக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, சாவகாசமாக இறங்கியும் வந்துவிட்டார். சிவப்பு ஸ்டிக்கர் என்றால் செத்தாச்சு என்று அர்த்தம். "கதவைப் பூட்டிக்கிட்டு ஒளிஞ்சுக்குங்க" என்று எல்லா மாடிக்கும் கேட்கிற மைக்கில் ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரிதான் வரவேயில்லை.

வாசல் மேசையில் மீசைக்காரக் காவலாளி போனைக் காதில் வைத்தபடி நின்றார். மைக் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"என்னய்யா பண்றே?"

"மேனேஜர்கிட்ட அனுமதி கேக்கறேன் சார். மீட்டிங்ல இருக்காராம். லைன்லயே இருக்கச் சொன்னாங்க."

"சுடறவன் மாடி ஏறி இறங்கியே வந்துட்டான், நீ இன்னும் லைன்ல நிக்கறியா? உங்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சுய்யா!"

சூப்பர்வைசரின் மகள் மூன்றாவது மாடியில்தான் வேலை பார்க்கிறாள். நிர்வாகத்தின் உயிரை வாங்கி இந்தப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தவரே அவர்தான். இப்போது அவள் படியிறங்கி வந்தாள். தோளில் சிவப்பு ஸ்டிக்கர்.

"அப்பா, நான் செத்துட்டேனாம்" என்று சிரித்தாள். "மைக்ல சொல்லுவீங்க, அப்புறம் பூட்டிக்கலாம்னு உக்காந்திருந்தேன்."

சூப்பர்வைசர் திரும்பி மீசைக்காரர் மேல் பாய்ந்தார். "மைக்கை எடுக்க உனக்கு எதுக்குய்யா அனுமதி?"

மீசைக்காரர் பதிவேட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். போன மாதம் சமையலறையில் புகை வந்தபோது அவராகவே மைக்கில் அறிவித்தார். பார்த்தால் கருகிய ரொட்டி. மீட்டிங் கெட்டதென்று மேனேஜர் குதித்தார். அந்தக் கோபத்தை அப்படியே கீழே இறக்கி எழுதிய மெமோ அது: 'மேனேஜர் அனுமதியின்றி மைக்கைத் தொட்டால் வேலை போகும்.' அடியில் சூப்பர்வைசரின் கையெழுத்து.

அவருக்கு மகளின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து போனில் மேனேஜர் வந்தார். "யாருய்யா அது? என்ன தலைபோற அவசரம்?"

சூப்பர்வைசர் போனை வாங்கிக்கொண்டார்.

"இனிமே எங்க ஆளுங்க உங்களைக் கேக்க மாட்டாங்க சார். அதைச் சொல்லத்தான்" என்று வைத்துவிட்டார்.

பிறகு மைக்கை நகர்த்தி மீசைக்காரர் முன்னால் வைத்தார்.

"பாப்பா, நீ மேல போம்மா. மறுபடி முதல்லேருந்து."