மாதாவுக்கும் எனக்கும் குடை

எனக்கு லூப்பஸ் என்று டொக்டர் சொன்ன அன்று நான் அழவில்லை. இதை மற்றவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டுமே என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தி உடம்போடேயே சண்டை பிடிக்கிறதாம். மூட்டெல்லாம் நோகும், காய்ச்சல் வரும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்குப் போடுகிற மருந்துக் குளிசையால் கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. "மெற்றில்டா, நல்லாத் தேறியிட்டாய்!" என்று எங்கள் பகுதி கொட்டாஞ்சேனையே வாழ்த்தியது. நோயின் வருத்தம் கூடக்கூட வாழ்த்தும் கூடியது.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். காய்ச்சலென்றால் தொட்டுப் பார்த்தாவது நம்புவார்கள். என்னுடையதை எங்கே தொட்டுக் காட்டுவது?

எங்கள் கோவிலின் மாதா திருநாள் ஊர்வலமான சுற்றுப்பிரகாரத்தில் மைக்கைப் பிடித்துச் செபமும் பாட்டும் சொல்லிக்கொடுப்பது நான். துறைமுகத்துக்குப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில், விரல் நோவோடு மெதுவாக டைப் அடித்துச் சோம்பேறி என்று பெயரெடுத்தவளும் நான்தான். ஆனால் மைக் கைக்கு வந்துவிட்டால் தெரு முழுக்க என் குரலுக்குப் பதில் சொல்லும். அந்த ஒரு நாள் நான் யாருக்கும் பாரம் இல்லை. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

வழக்கமாகச் சுற்றுப்பிரகாரம் பொழுதுபட்ட பிறகு மெழுகுதிரிகளோடு போகும். அது நாட்டில் சண்டைக்காலம். இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அந்த வருடம் பொலிஸ் சொல்லிவிட்டது. ஆகவே மூன்று மணி வெயிலில் புறப்பாடு. வெயில்தான் என் வருத்தத்துக்குத் தீனி. முந்தின வருடம் பெரியப்பாவை அடக்கம் செய்யப் பொரளை மயானத்தில் வெறுந்தலையோடு நின்றுவிட்டு, இரண்டு கிழமை கட்டிலை விட்டு எழும்பவில்லை. இந்த முறை ஒரு கறுப்புக் குடையோடு போனேன்.

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றுப்பிரகாரத்தில் மாதாவின் சொரூபத்துக்கு மேலே பட்டுக்குடை பிடிப்பார்கள். மாதாவுக்குக் குடை பிடிக்கும் இடத்தில் வேறு யாரும் தங்களுக்குக் குடை பிடிப்பதில்லை. இந்தச் சட்டத்துக்குக் காவல், மாதா சபைத் தலைவி கொன்ஸ்ரன்ஸ் அன்ரி.

"என்ன பிள்ளை இது? மடக்கு."

"எனக்கு வெயில் படக்கூடாது அன்ரி. போன மாசமே சொன்னனான்."

"உனக்கு என்ன வருத்தம்? கன்னத்தைப் பார், அப்பிள் மாதிரி." பிறகு குரலைத் தணித்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கலியாணம் பேசினமெண்டால் பேசட்டும். ஒரு நாள் வெயிலில கறுத்துப்போக மாட்டாய்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். முப்பத்துநாலு வயதில் மாப்பிள்ளைக்காக நிறத்தைக் காப்பாற்றுகிறேனாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை நீட்டிக் காட்டினேன்.

"இனிக் கறுக்கிறதுக்கு இதில என்ன மிச்சம் இருக்கு அன்ரி?"

"வாய்க்குக் குறைச்சலில்லை. மாதாவுக்குச் சரிசமனாக் குடை பிடிக்கப்போறியோ?"

"மாதாவுக்கு வெயில் சுடாது. எனக்குச் சுடும்."

அன்ரியின் முகம் இறுகியது. "குடையெண்டால் மைக் இல்லை. யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். ஒரு நாள்தானே, மடக்கிவிடுவோமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் கட்டிலில் கிடக்கப்போவது நான், இவர்கள் அல்ல. மைக்கை அன்ரியின் கையில் வைத்தேன். வீட்டுக்குப் போவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் போகவில்லை. குடையை விரித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவிலேயே நடந்தேன். முறைத்தவர்களைத் திருப்பி முறைத்தேன்.

மைக் பாட்டுக்குழுப் பிள்ளை பிறிஜெற்றிடம் போனது. பாவம், நல்ல பிள்ளை. ஆனால் புத்தகத்தைப் பார்த்தால்தான் அவளுக்குச் செபம் வரும். ஸ்பீக்கர் கட்டிய த்ரீவீலர் முன்னால் போக, முன்வரிசை பாட்டை முடித்துவிட்டது, பின்வரிசை இன்னும் முதல் அடியிலேயே நின்றது. பொலிஸ்காரர் வேறு "இக்மன் கரன்ட, இக்மன் கரன்ட" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார். பிறிஜெற் பதறி இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டாள். ஸ்பீக்கர் ஊமையானது. யாரும் மன்றாட்டுச் சொல்லாமலே பின்னாலிருந்தவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள்.

நான் ஒன்றும் புனிதை அல்ல. என் மனம் குளிர்ந்தது.

கொன்ஸ்ரன்ஸ் அன்ரி வியர்த்து வடிய, மைக்கை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மெற்றில்டா, இந்தா பிடி. சனம் கலையுது."

"குடை?"

"சரி, குடையோடயே வா."

"ரெண்டையும் பிடிக்க என்ர விரல் விடாது அன்ரி. இவ்வளவு நேரம் குடை பிடிச்சே செத்துப்போச்சு. நான் மைக்கைப் பிடிக்கிறன். நீங்கள் குடையைப் பிடியுங்கோ."

"நானோ?"

"நீங்கள்தான்."

அவர் என் விரல்களைப் பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, வழக்கம்போல. சிவப்பில்லை, வீக்கமில்லை, துணிக்கட்டும் இல்லை.

"ஒண்டையும் காணேல்லையே," என்றார். இந்த முறை அவர் குரலில் நக்கல் இல்லை.

"காணாமல் நம்புறதுக்குத்தானே அன்ரி நாங்கள் ஞாயிறுக்கு ஞாயிறு கோவிலுக்கு வாறம்?"

அன்ரி கையை நீட்டிக் குடையை வாங்கினார். நான் மைக்கை வாங்கினேன். முதல் மன்றாட்டைச் சொன்னதும் முன்னும் பின்னும் தெரு ஒரே குரலில் பதில் சொன்னது. எனக்கு அழுகை வரப் பார்த்தது. அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை.

முன்னால் மாதா பட்டுக்குடையின் கீழ் போனார். பின்னால் நான் கறுப்புக்குடையின் கீழ் போனேன், மாதா சபைத் தலைவி பிடிக்க. சந்தி திரும்பும்போது அன்ரியின் கை தளர்ந்து குடை சரிந்தது. வெயில் என் கழுத்தில் விழுந்தது.

"கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ அன்ரி, வெயில் படுது!"

நான் சொன்னது ஸ்பீக்கரில் தெருமுனை வரைக்கும் கேட்டது. மைக் வாய்க்குக் கிட்ட இருந்ததை மறந்துபோனேன் என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். மறக்கவில்லை.